கிரிவலம் போறீங்களா? காலைக் கவனிங்க!

ஆரணி:
பவுர்ணமி வந்தால் ஆரணி பட்டு நெசவாளர்கள் பலர் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி விடுவார்கள். கிரிவலப் பாதை 14 கி.மீ. வெறுங்காலில் நடப்பதே வழக்கம். நாள் முழுக்க தறிக்குழியில் தொங்கும் காலுக்கு இது வேற வேலை. பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக் கொள்ளும்.

அதனால் 3 வாரம் முன்பே காலையில் நடந்து பழகணும். முதலில் 2 கி.மீ., பிறகு 5, 8 என்று கூட்டலாம். பகலில் தார் ரோடு சுடும். சாயங்காலம் கிளம்புவதே நல்லது. அன்னதானம் கிடைக்குதேன்னு வயிறு முட்ட சாப்பிட்டால் நடக்க முடியாது.

சர்க்கரை நோயாளிகள்தான் உஷாராக இருக்கணும். கால் மரத்துப் போனவர்களுக்கு கல் குத்தினாலும், கொப்புளம் வந்தாலும் தெரியாது. புண் முற்றினால் விரலையே எடுக்கும்படி ஆகலாம். டாக்டரைக் கேட்காமல் வெறுங்காலில் நடக்காதீர்கள். அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டார். வீடு திரும்பியதும் பாதம், விரல் இடுக்கு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்து விடுங்கள்.