பதினோராம் வகுப்பில் எந்தப் பாடம்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் கடைகளில் ஒரே பேச்சுதான்: பையனை எந்த குரூப்பில் சேர்ப்பது? "கடைக்குத்தானே வரப்போகிறான், காமர்ஸ் போதும்" என்போம். என் மகனுக்கு நானும் அப்படித்தான் முடிவு செய்தேன்.

நான் 1976-இல் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன். எங்களுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம், பூகோளம் எல்லாம் கடைசிவரை உண்டு. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின், இரண்டு மொழிப் பாடங்கள் போக மற்றவை பிரிவுக்குப் பிரிவு மாறின. காமர்ஸ் எடுத்தவன் பதினைந்து வயதிலேயே வேதியியலுக்கு விடை கொடுத்துவிடுகிறான். சயின்ஸ் எடுத்தவன் பேரேட்டைத் திறந்தே பார்ப்பதில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்பதை 2019-இல் கண்டேன். புதிய இடத்திலிருந்து துவரம் பருப்பு வந்தது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள். என் மகன் பில்லையும் எடையையும் சரிபார்த்துச் சரக்கை இறக்கிவிட்டான். சயின்ஸ் படித்த என் தங்கை மகனுக்கு அந்த நிறத்தில் சந்தேகம். கொஞ்சம் பருப்பைத் தண்ணீரில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டான். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. மெட்டானில் மஞ்சள் சாயம்! உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கலந்தவர் மட்டுமல்ல, விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுக்கு அந்த மூட்டை போயிருந்தால் என்ன ஆவது?

சரக்கைத் திருப்பி அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தான் தங்கை மகன். கிரெடிட் நோட் வாங்க வேண்டும், ஜி.எஸ்.டி. கணக்கில் அந்த வரியைக் கழித்துக் காட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அங்கே என் மகன்தான் கைகொடுத்தான். இருவரும் சேர்ந்துதான் ஒரு வியாபாரி!

பூகோளமும் வீண் அல்ல. கலபுரகியில் மழை தவறினாலும், மொசாம்பிக்கிலிருந்து கப்பல் தாமதமானாலும் நம் ஊரில் துவரை விலை ஏறுகிறது.

ஆகவே காமர்ஸ் எடுத்த பிள்ளையின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தைப் பொட்டலம் மடிக்கக் கிழித்துவிடாதீர்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சயின்ஸ் பிள்ளையை விடுமுறையில் பேரேட்டின் முன் உட்கார வையுங்கள்.

இன்னொன்று. பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவும் வழக்கம் சில பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கவே 2018-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் பதினோராம் வகுப்புப் பாடம் முழுவதும் நடக்கிறதா என்று, கடையை அரை நாள் மூடியாவது, பள்ளிக்குப் போய்க் கேட்டு வாருங்கள்.