கை மாறும் வண்டி

2024-ஆம் ஆண்டு ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காவிரியில் முழுகி முன்னோருக்குத் திதி கொடுப்பதற்காக வெள்ளகோவிலிலிருந்து கொடுமுடிக்கு ஏழு பேர் எங்கள் பெரிய டீசல் வண்டியில் புறப்பட்டோம். முத்தூரைத் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிற்று. அந்த ஆண்டில் அது மூன்றாவது முறை. வண்டிக்குள் எண்பது வயது அத்தை இருந்தார்; என் மருமகள் மடியில் கைக்குழந்தை.

தம்பி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். எதிரே இருந்த பட்டறைக்காரர் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மூடியைத் தொடாதீங்க தம்பி, முகம் வெந்து போயிருமுங்க. அரை மணி நேரம் ஆறட்டும்" என்றார்.

அவர் சொன்னதில் ஓர் இயற்பியல் பாடமே அடங்கியிருக்கிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியிலோ ஒரு சுருள்வில் உண்டு. அது உள்ளே இருக்கும் நீரை வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு கூடுதலான அழுத்தத்தில் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் நீர் கொதிக்க 120 டிகிரி வேண்டும். நம் வீட்டுக் குக்கரின் தத்துவமும் இதுவே. மூடியைத் திருகியதும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதுவரை அடங்கியிருந்த நீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகிச் சீறும். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும் என்பதை நினைவில் கொண்டால், முகம் வெந்து போகும் என்பது மிகையன்று என்பது விளங்கும்.

அன்று திதிக்குப் பேருந்தில் போனோம். மறுநாள் வெள்ளகோவிலில் எங்கள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். ஹெட் கேஸ்கட் போயிருந்தது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் கிடைத்தது. "ஏற்கனவே ஒருதரம் ஹெட்டை லேத்துல கொடுத்து மட்டம் எடுத்திருக்காங்க. உங்களுக்கு வித்தவங்க சொல்லலீங்களா? இப்ப புது கேஸ்கட் போட்டுத் தர்றேன், ஓடும். எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாதுங்க. கொடுத்துட்டு வேற பாருங்க."

கொடுத்துவிடலாம். யாரிடம், என்ன சொல்லிக் கொடுப்பது?

இரும்பும் அலுமினியமும்

டீசல் எஞ்சினின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் மேல் மூடிபோல் அமரும் ஹெட் அலுமினியத்தால் ஆனது. இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய தகடு, அதுவே கேஸ்கட். ஒரு பக்கம் எரியும் வாயு, இன்னொரு பக்கம் குளிர்விக்கும் நீர், வேறொரு பக்கம் எண்ணெய் என்று மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் வேலை.

வெப்பம் பட்டால் உலோகங்கள் விரியும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் அலுமினியம் இரும்பைப்போல் இரு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள ஹெட் 70 டிகிரி சூடேறினால் சுமார் 0.8 மில்லிமீட்டர் நீளும். அடியில் உள்ள இரும்போ 0.4 மில்லிமீட்டர்தான் நீளும். இந்த இழுபறியைக் கேஸ்கட் தாங்கிக்கொள்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட அலுமினியம் வழியின்றி வளைந்துவிடுகிறது. ஆறிய பிறகும் அந்தக் கோணல் முழுவதும் போவதில்லை. லேத்துப் பட்டறையில் சீவி மட்டமாக்கலாம். ஆனால் எத்தனை முறை சீவலாம் என்பதற்கு எல்லை உண்டு.

எங்கள் வண்டி ஏன் சூடேறியது? ஒரு காரணம் எங்கள் கையிலேயே இருந்தது. நீர் குறையும்போதெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். எங்கள் பகுதி உப்புத் தண்ணீரை ஒரு வாரம் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் போதும், ரேடியேட்டரின் சின்னக் குழாய்களுக்குள் என்ன படிந்திருக்கும் என்று தெரிந்துவிடும். சுண்ணப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. கூலண்ட் வாங்கச் சோம்பியதற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

எலுமிச்சை வண்டி

இப்போது வண்டி நன்றாக ஓடியது. யார் ஓட்டிப் பார்த்தாலும் குறை தெரியாது. குறை எங்களுக்கு மட்டுமே தெரியும். இந்த நிலையைப் பற்றி ஒரு பொருளியல் அறிஞர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

ஜார்ஜ் அக்கர்லோஃப் என்ற அமெரிக்கர் பழைய கார்ச் சந்தையை ஆராய்ந்து எழுதிய அக்கட்டுரை 1970-இல் வெளியாயிற்று. நம் ஊரில் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது நன்மைக்காக. அமெரிக்கப் பேச்சு வழக்கில் எலுமிச்சை என்றால் வாங்கியவன் தலையில் கட்டப்பட்ட ஓட்டை வண்டி! அவருடைய வாதத்தை நம் கணக்கில் சொல்லலாம். சந்தையில் பத்து வண்டிகள். ஐந்து நல்லவை, ஒவ்வொன்றும் 6 லட்சம் பெறும். ஐந்து கெட்டவை, 3 லட்சம் பெறும். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் சராசரியாக நாலரை லட்சத்துக்கு மேல் தரமாட்டார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் ஏன் விற்கிறார்? வீட்டிலேயே வைத்துக்கொள்வார். சந்தையில் எஞ்சுவன கெட்டவையே. இது தெரிந்ததும் வாங்குபவர் 3 லட்சத்துக்கு இறங்கிவிடுவார். அறியாமை நல்ல சரக்கை விரட்டிவிடுகிறது.

இந்தக் கட்டுரைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1967-68-இல் அக்கர்லோஃப் இந்தியாவில் தங்கியிருந்தார். முதல் பத்திரிகை கட்டுரையைத் திருப்பியனுப்பிய கடிதம் இங்கேதான் அவர் கைக்குக் கிடைத்தது. மேலும் இரண்டு பத்திரிகைகள் மறுத்தபின் நான்காவது அதை ஏற்றது. அதே கட்டுரையில், கடைத்தெருவில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலந்த கற்களை இந்தியக் குடும்பத்துப் பெண் பொறுக்குவதையும் அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். 2001-இல் அவருக்கு வேறு இருவருடன் நோபல் பரிசு கிடைத்தது. பழைய வண்டியை வாங்குகிறவர் செய்ய வேண்டியதும் முறத்தில் அரிசி புடைப்பதுதான். எந்தக் கல் எப்படித் தெரியும் என்பதே கேள்வி.

சூடான எஞ்சினை நம்பாதீர்கள்

ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் நிற்கும் வண்டிகளில் இரண்டு வகை அடையாளங்கள் உண்டு. பாலிஷ், புதுச் சீட்டு உறை, ஓடிய கிலோமீட்டர் காட்டும் எண் ஆகியவற்றைச் சில ஆயிரம் ரூபாயில் மாற்றிவிடலாம். வேறு சில அடையாளங்களை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே பிரித்து வேலை செய்ய வேண்டும். நாம் தேட வேண்டியது இரண்டாவது வகை.

முதற் சோதனைக்குக் கருவியே வேண்டாம். காலையில் போய் முன்மூடியின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். காரணம் இது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் 16 முதல் 20 மடங்கு வரை நெருக்குகிறது. நெருக்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் காற்றில் ஒரு பகுதி கீழே கசிந்துவிடும். போதிய சூடு பிறக்காது. குளிர்ந்த எஞ்சின் பலமுறை இருமி, புகை கக்கித்தான் கிளம்பும். ஏற்கனவே சூடான எஞ்சினிலோ சிலிண்டர்ச் சுவர்களின் வெப்பமே குறையை மறைத்துவிடும். நாம் வருமுன் வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைப்பவர் இதை நன்கு அறிந்தவர்.

புகையின் நிறமும் பேசும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்கவில்லையென்றால் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் இறங்குகிறதோ என்று ஐயுற வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை வருகிறதா, மூடியின் அடியில் மோர் போன்ற வெள்ளைப் பசை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னது தேய்ந்த வளையத்தையும், பின்னது ஆயிலில் நீர் கலந்ததையும் காட்டக்கூடும்.

கேஸ்கட் கசிவுக்குப் பள்ளி ஆய்வகச் சோதனை ஒன்று பட்டறைக்கு வந்திருக்கிறது. ரேடியேட்டரின் மேலுள்ள காற்றை ஒரு குப்பியில் உள்ள நீல நிறத் திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கசிந்திருந்தால் அதிலுள்ள கரியமில வாயு திரவத்தை அமிலமாக்கி மஞ்சளாக மாற்றும். வேதியியல் படித்தவர்களுக்கு அது பிராமோதைமால் நீலம் என்று தெரிந்திருக்கும்.

மூன்று வண்டிகள்

நாங்கள் பார்த்த முதல் வண்டி சென்னையிலிருந்து வந்தது. பளபளப்பில் குறையில்லை. மெக்கானிக் பின்சீட்டின் பெல்ட்டைப் பிடித்து முழு நீளத்துக்கும் இழுத்தார். கடைசி ஒரு முழம் மண்ணின் நிறமாக இருந்தது. சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். அவற்றுள் எத்தனையோ கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களுக்கு வந்திருக்கின்றன. மூழ்கிய வண்டியைக் கிளப்ப முயன்றால் சிலிண்டருக்குள் நீர் புகும். காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க இயலாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அதைச் சரிசெய்தாலும் மின்கம்பி இணைப்புகளில் நுழைந்த ஈரம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது வண்டி 62,000 கிலோமீட்டர் காட்டியது. பிரேக் பெடலின் ரப்பரோ வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. ஓட்டுநர் சீட்டு பள்ளம் விழுந்திருந்தது. இக்காலத்தில் ஓடிய தூரம் ஒரு மின்னணு நினைவகத்தில் பதிவாகிறது. அதை மாற்றி எழுதும் கருவியும் இருக்கிறது. ஆனால் பி.எஸ். 4 தரம் வந்த பிறகு உருவான வண்டிகளில், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் செருகியில் ஒரு சிறு கருவியை மாட்டி எஞ்சின் கணினியின் பிழைக் குறிப்புகளைப் படிக்கலாம். விற்பவர் குறிப்புகளை அழித்திருக்கலாம். அழித்த பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் அதே கணினி பல வண்டிகளில் சொல்லிவிடுகிறது! அந்த வண்டியில் அது 38 என்று காட்டிற்று. முந்திய நாள் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

டயரிலும் ஒரு ஜாதகம் உண்டு. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். கதவுக் கண்ணாடிகளின் மூலையிலும் ஆண்டுக் குறி இருக்கும். ஒரு கண்ணாடி மட்டும் வேறு ஆண்டைக் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் மேல் நகர்த்தினால், அடிபட்டுத் தடிமனாகப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாமல் நழுவும்.

மூன்றாவது வண்டி 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பம்பரில் கீறல், கூரையில் நிறம் மங்கல். ஆனால் ஒவ்வொரு சர்வீசுக்கும் ரசீது இருந்தது. குளிர்ந்த எஞ்சின் முதல் சுற்றிலேயே கிளம்பிற்று. குப்பித் திரவம் நீலமாகவே நின்றது. குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியைவிட, அதிகம் ஓடியதை மறைக்காத வண்டி மேல் என்பது என் கருத்து. வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழகான வண்டி இரண்டாவதுதான்.

காகிதம் சொல்வது

வண்டி கை மாறினாலும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறாவிட்டால் சட்டப்படி உரிமையாளர் பழையவரே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி பழைய வண்டி வணிகர் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை முறைப்படி பதிந்துவிட்டால், அது விற்கும்வரை பொறுப்பு அவருடையது. வண்டிமேல் கடன் பாக்கி, அபராதம் உண்டா என்பதைப் பரிவாகன் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பழைய வண்டியை அதே கடையில் மாற்றுக்குக் கொடுத்தோம். "ஹெட் சங்கதியைச் சொல்லிப்போடு" என்று அப்பா முன்னாளே சொல்லியிருந்தார். பத்து இருபதாயிரம் குறையும் என்று நான் தயங்கினேன். விலை பேசி முடியும் நேரத்தில் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "பதினோரு வருச டீசல் வண்டிங்க. நீங்க சொல்லாட்டியும் எஞ்சின் வேலைக்குன்னு அம்பதாயிரம் பிடிச்சுத்தானுங்க விலை போட்டேன்."

சொன்னதனால் ஒரு ரூபாயும் குறையவில்லை, கூடவும் இல்லை. அக்கர்லோஃபின் கணக்கு கண்முன் நின்றது. மெக்கானிக் எழுதிக் கொடுத்த ஹெட் வேலைச் சீட்டை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்து வாங்கியவர் கைக்கு அது போனதா என்று தெரியாது. பெயர் மாறிய குறுஞ்செய்தி பத்தொன்பதாம் நாள் வந்தது. புது வண்டிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவதில்லை. கூலண்ட் கேன் ஒன்று பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது.