வெள்ளைத் துணியும் மின்சாரக் கம்பியும்

சினிமாக் கொட்டகையில் அமர்ந்திருக்கும் நாம், கதாநாயகியின் முகத்தில் தவழும் ஒளியைக் கண்டு மகிழ்கிறோம். அந்த ஒளி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. நடிகர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். டைரக்டரின் பெயரும் தெரியும். சாரத்தின் உச்சியில் நின்று, கொதிக்கும் விளக்கைத் திருப்பிப் பிடித்த லைட்மேனின் பெயரோ திரையில் வந்தாலும் வாசிக்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

ஆதியில் சூரிய பகவானே ஸ்டூடியோவின் தலைமை லைட்மேனாக இருந்தார். 1910-களின் பிற்பகுதியில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்னும் மௌனப் படத்தைப் பிடித்தபோது, உட்புறக் காட்சிகளுக்குக் கூரையாக அமைந்தது ஒரு மெல்லிய வெள்ளைத் துணிதான். அதன் வழியே வடிந்து இறங்கிய வெயிலே விளக்கு. செலவுமில்லை, 'ஷாக்' அடிக்கும் பயமுமில்லை. மேகம் வந்தால் வேலை நின்றது, அவ்வளவே.

மேனாட்டு ஸ்டூடியோக்களில் பிறகு ஆர்க் விளக்குகள் வந்தன. இரண்டு கரிக் குச்சிகளுக்கிடையே மின்சாரம் தாவிப் பாய்வதால் உண்டாகும் அந்தக் கடும் ஒளியில் நடிகர்களின் கண்கள் சிவந்து வீங்கின. 1920-களின் இறுதியில் பேசும்படம் பிறந்ததும், அவற்றின் இரைச்சல் மைக்கில் விழத் தொடங்கவே, டங்ஸ்டன் பல்புகளுக்கு மவுசு ஏற்பட்டது. டங்ஸ்டன் விளக்கு உண்ணும் மின்சாரத்தில் பெரும்பங்கு உஷ்ணமாகவே போய்விடும். பத்துக் கிலோவாட் விளக்கு ஒன்று, 230 வோல்ட்டில், சுமார் 43 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டு மின்விசிறியோ ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கோடு திருப்தி அடைந்துவிடுகிறது!

நம் நாட்டார் பெருமை கொள்ளத்தக்க ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். 1956-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி நகரத்து வீடொன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவிலேயே அமைத்தார்கள். அத்தகைய முற்றத்தில் ஒளி மேலே திறந்த வானத்திலிருந்து மட்டுமே இறங்கும். கூரிய நிழல் எங்கும் விழாது. நேராக விளக்கைக் காட்டினால் இந்தப் பாவனை கெட்டுவிடும் என்று உணர்ந்த காமிராக்காரர் சுப்ரதா மித்ரா, முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறித் திரும்பிய ஒளி, அசல் வான வெளிச்சமாகவே அமைந்தது. அன்று சென்னையில் வெயிலை வடிகட்டிய துணி, கல்கத்தாவில் வெயிலையே படைத்துவிட்டது எனலாம். இன்று நம் படப்பிடிப்புகளில் தெர்மோகோல் பலகையில் ஒளியை மோதவிட்டு முகத்தில் விழச் செய்கிறார்களே, அதுவும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் மிருதுவான ஒளி மலிவாகக் கிடைப்பதில்லை. துணியில் மோதித் திரும்பும்போது வெளிச்சத்தின் பெரும்பகுதி சிதறிப்போகிறது. தூரமோ இன்னும் கொடியது; விளக்கை இரு மடங்கு தொலைவுக்குத் தள்ளினால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும். ஆகவே விளக்குகள் பெருகுகின்றன. கம்பிகள் தரையெங்கும் ஓடுகின்றன. இப்பொழுது எல்.இ.டி. விளக்குகள் வந்து இந்தப் பசியை வெகுவாகக் குறைத்திருக்கின்றன என்பது மெய்யே. அபாயத்தை அவை ஒழித்துவிடவில்லை.

மழைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மழைத்தாரை காமிராவுக்கு எடுப்பாகத் தெரிய வேண்டுமானால், அதன் பின்னாலிருந்து விளக்கைப் பாய்ச்சவேண்டும். எனவே குழாய் நீர் கொட்டும் இடத்துக்கு அருகிலேயே மின்சார விளக்கு நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். விளக்கினுள் ஒரு கம்பியின் உறை உரிந்து இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்?

"ப்யூஸ் போய்விடும், பயமில்லை" என்பார்கள் பலர். இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. நனைந்த உடலின் மின்தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே பாய்ச்சுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. பதினைந்து ஆம்பியர் ப்யூஸ் அதைப் பொருட்படுத்தவே செய்யாது. இதயத்தை நிறுத்திவிடவோ அதைவிடக் குறைந்த மின்சாரமும் சில வினாடிகளும் போதும். ப்யூஸ் காப்பது கம்பியை; மனிதனை அல்ல.

மனிதனைக் காக்க இரண்டு உண்டு. முதலாவது எர்த் கம்பி. இரும்புக் கூட்டில் கசியும் மின்சாரத்துக்கு அது சுலபமான வழி காட்டும். அவ்வழியே பெருவெள்ளமாகப் பாயும்போது ப்யூஸும் தன் கடமையைச் செய்யும். இரண்டாவது, ஆர்.சி.சி.பி. என்னும் சிறு பெட்டி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இமைப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஜெனரேட்டர் வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் இடங்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: வண்டியின் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காவிட்டால், இந்தக் காவற்காரன் விழித்திருந்தும் பயனில்லை.

படம் ஒன்றுக்குக் கோடிக் கணக்கில் செலவழிக்கும் நாட்டில் இந்தப் பெட்டிக்கும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸுக்கும் கணக்குப் பார்ப்பது நியாயமா? 2023 மார்ச்சில் ஏ. ஆர். ரஹ்மான், லைட்மேன்களின் உதவி நிதிக்காகச் சென்னையில் இசை நிகழ்ச்சி நடத்தினார். அது பாராட்டத்தக்கது. விபத்துக்குப் பின் நிதி திரட்டுவதைவிட, விபத்துக்கு முன்பே எர்த் கம்பி இழுப்பது மிகவும் சிக்கனமானது என்பதையும் முதலாளிகள் யோசிக்கவேண்டும்.

வாசகர்களின் வீட்டுக் கல்யாணத்திலும் இந்த விஷயம் இருக்கிறது. வீடியோ விளக்கின் கம்பியில் பிளக் இராது. முனைகளைச் சீவி, சுவர்த் துளைகளில் நுழைத்து, தீக்குச்சியால் இறுக்கிவிடுவார்கள். அங்கே எர்த்தும் இல்லை. குழந்தைகளோ அருகில் ஓடி விளையாடுகிறார்கள். மூன்று முனைப் பிளக் மாட்டச் சொல்லும் உரிமை நமக்குண்டு. விளக்குக் கால்களின்மேல் மணல் மூட்டை வைக்கச் சொல்லலாம். சுருட்டிய கம்பி சூடேறுமாதலால் முழுதும் பிரித்துப் போடச் சொல்லலாம். மண்டபத்தில் ஆர்.சி.சி.பி. உண்டா, அதன் 'டெஸ்ட்' பொத்தானை அமுக்கினால் உடனே துண்டிக்கிறதா என்பதை, நாள் குறித்து அட்வான்ஸ் கொடுக்குமுன்பே நேரில் அமுக்கிப் பார்த்துவிடலாம்.