சுங்கச்சாவடியும் ஒற்றை லொறிக்காரரும்

தமிழ்நாட்டின் நாமக்கல், சங்ககிரிப் பக்கங்களில் பலருக்கு லொறிதான் தோட்டம், லொறிதான் வயல். பைனான்ஸ் கடனில் ஒரு லொறி, உரிமையாளரே சாரதி. இந்திய நெடுஞ்சாலைகளில் அறவிடும் சுங்கம் இப்படிப்பட்டவரை எவ்வாறு அழுத்துகிறது என்று பார்ப்போம். விளைச்சலைச் சந்தைக்கு ஏற்றிப் பழகிய உங்களுக்கு இந்தக் கணக்குப் புதிதாக இராது.

முதலில் ஒரு வித்தியாசம். இலங்கையில் 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதிக்குக் கட்டணம் உண்டு. வேண்டாதவர் காலி வீதியால் போகலாம். இந்தியாவிலோ பெரும்பாலும் பழைய நெடுஞ்சாலையையே அகலமாக்கி, அதிலேயே சாவடியும் போட்டார்கள். கிராமத்துப் பாதையால் சுற்றிப் போனால், மிஞ்சும் காசை டீசல் விழுங்கிவிடும்.

கட்டணம் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி அறவிடப்படுகிறது. நாலு வழிச் சாலையில் இரண்டு அச்சு லொறிக்குக் கிலோமீற்றருக்கு 2 ரூபா 20 பைசா என்பது அடிப்படை. ஆண்டுதோறும் ஏப்ரல் முதலாந் திகதி 3 வீதமும், மொத்த விலையேற்றத்தில் ஒரு பங்கும் கூட்டப்படும். கூட்டாத பழைய கணக்கிலேயே 300 கிலோமீற்றருக்கு 660 ரூபா. சுமையோடு போனாலும் வெறுமையாகத் திரும்பினாலும் இதே காசுதான். கணக்கு அச்சுக்கே ஒழிய மூட்டைக்கு அல்ல. உழவு இயந்திரத்துக்கும் மாட்டுவண்டிக்கும் கட்டணம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சலுகை இல்லையா? உண்டு. 24 மணித்தியாலத்துள் திரும்பினால் போகவர ஒன்றரை மடங்கு கட்டினால் போதும். மாதம் 50 தடவை கடப்பவருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் ஒற்றை லொறிக்காரர், சரக்கை இறக்கிய ஊரில் திரும்புச் சுமைக்காகத் தரகரின் வாசலில் இரண்டு மூன்று நாள் காத்துக் கிடப்பவர். 24 மணித்தியாலம் லொறிக்கடியில் படுத்தெழும்பவே போய்விடும். அடுத்த பயணம் எந்தத் திசையென்று தெரியாதவர் எந்தச் சாவடிக்கு மாத அட்டை எடுப்பார்? இந்தச் சலுகைகள் ஒரே பாதையில் ஓடும் பஸ் முதலாளிக்கும் பெரிய கம்பனிக்குமே பொருந்தும். கம்பனி, ஒப்பந்தத்தில் சுங்கத்தைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளும். இவருக்குத் தரகர் சொல்வது எல்லாம் அடங்கிய ஒரே தொகை. மறுத்தால் பின்னால் நிற்கும் லொறி அந்தச் சுமையை ஏற்றிக்கொண்டு போய்விடும். வாடகை சற்றுக் கூடினாலும் அது விவசாயியின் விற்பனைத் துண்டில் கழிவாக வந்து விழும்.

2021 பெப்ரவரியிலிருந்து கண்ணாடியில் ஒட்டும் 'பாஸ்டாக்' அட்டை கட்டாயமாயிற்று. அது இல்லாமல் காசாகக் கட்டினால் அப்போது இருமடங்கு அறவிட்டார்கள். சாவடியில் வரிசை குறைந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டிருக்க வேண்டும். வாடகையின் மீதியோ சரக்கை இறக்கிய பிறகுதான் கைக்கு வரும். இடையில் உள்ள நாட்களுக்குக் கடன்தான்.

2015 ஒக்டோபர் 1 முதல் 5 வரை இந்தியா எங்கும் லொறிகள் ஓடாமல் நின்றன. அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரஸ் கேட்டது இலவசம் அல்ல. சாவடிக்குச் சாவடி நிறுத்தாமல், ஆண்டுக்கு ஒரு தொகையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2025 ஓகஸ்ட் 15ஆம் திகதி, ஆண்டு அட்டை வந்தது. அறிமுகமானபோது 3,000 ரூபாவுக்கு 200 தடவை கடக்கலாம் என்றிருந்தது. சொந்தப் பாவனைக்கான கார், ஜீப், வான்களுக்கு மட்டும்.