கையெழுத்து யாரைக் கட்டுகிறது?

2025 அக்டோபர் 15, மாலை ஏழரை மணி. ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீகில் அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் டிரேட் காலம் முடிந்தபோது, ஸாக் மெரட் எஸ்ஸென்டன் அணியிலேயே இருந்தார். எஸ்ஸென்டனின் கேப்டனாக இருந்தவர் அவர். ஹாதார்ன் அணிக்குப் போக விரும்புகிறேன் என்று ஒரு மாதத்துக்கு முன்பே நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார். ஹாதார்னும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளைத் தர முன்வந்தது. எஸ்ஸென்டன் அசைந்து கொடுக்கவில்லை. மெரட்டின் ஒப்பந்தம் 2027 வரை இருந்தது.

அந்த டிரேட் காலத்தின் பத்து நாட்களுக்குள் கார்ல்டனின் சார்லி கர்னோ சிட்னிக்குப் போய்விட்டார். அவருக்கு 2029 வரை ஒப்பந்தம். மெல்போர்னின் கிறிஸ்டியன் பெட்ராக்கா கோல்டு கோஸ்ட்டுக்குப் போனார், அவருக்கும் 2029 வரை ஒப்பந்தம். அவருடைய சக வீரர் கிளேட்டன் ஆலிவருக்கு 2030 வரை. அவரும் ஜயண்ட்ஸ் அணிக்குப் போனார். சம்பளத்தில் ஒரு பகுதியை மெல்போர்னே தொடர்ந்து கட்டும் என்பது அந்த டிரேடில் ஏற்பாடு. நால்வரில் குறுகிய ஒப்பந்தம் வைத்திருந்தவர்தான் நகர முடியாமல் நின்றார். நீண்ட ஒப்பந்தம் போட்ட மூவரும் கிளம்பிவிட்டார்கள். டிரேட் காலத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் எழும் பேச்சுக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பது அங்கே யாருக்கும் நிச்சயமில்லை.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தை புதிதாகத் தெரியும். இங்கே ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பணம் கொடுத்து வீரரை வாங்க முடியாது. வீரருக்கு வீரர், அல்லது வீரருக்கு டிராஃப்ட் தேர்வு எண். டிராஃப்ட் என்பது ஆண்டு முடிவில் பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது. கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் தேர்வு. 1986-ல் இருந்து இப்படித்தான். பெர்த்தில் வளர்ந்த பையனை சிட்னி கூப்பிட்டால் அவன் சிட்னிக்குத்தான் போக வேண்டும். மறுத்தால் அந்த லீகில் இடமில்லை. எந்த ஊரில் வேலை, யாரிடம் வேலை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கு முதல் நாளிலேயே இல்லாமல் போகிறது. அதற்கு ஈடாகக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்று: சம்மதம் இல்லாமல் யாரையும் டிரேட் செய்ய முடியாது.

அந்த ஒன்றையும் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் கிளப்கள் தரப்பில் அடிக்கடி கேட்கும் யோசனை. பெரிய சம்பளம் வாங்கும் வீரரையாவது, அமெரிக்காவில் செய்வதுபோல, கேட்காமலே அனுப்பும் அதிகாரம் வேண்டும் என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் கூடைப்பந்து வீரர் லூகா டான்சிச்சை டல்லாஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பியபோது அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அப்படி ஒரு ஏற்பாடு ஆஸ்திரேலியாவுக்கு ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் இந்த ஆட்டத்தின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் லீகுக்கு விக்டோரியன் ஃபுட்பால் லீக் என்று பெயர். ஒரு கிளப்பில் ஆடுபவர் வேறு கிளப்புக்குப் போகத் தன் கிளப்பின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஒரு விதி வந்தது. பத்து ஆண்டு ஒரே கிளப்பில் ஆடியவர் அனுமதி இல்லாமலே வெளியேறலாம். வடக்கு மெல்போர்ன் உடனே சுதாரித்துக்கொண்டது. 1925-ல் லீகுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு கோப்பைகூட வாங்காத, வசதி குறைந்த கிளப் அது. ஜீலாங்கின் டக் வேட், எஸ்ஸென்டனின் பாரி டேவிஸ், தெற்கு மெல்போர்னின் ஜான் ரன்டால் என மூவரை அழைத்துக்கொண்டது. 1974-ல் வேட் நூறு கோலைத் தாண்டினார். 1975-ல் டேவிஸ் தலைமையில் வடக்கு மெல்போர்ன் முதல் கோப்பையைத் தூக்கியது. ஆனால் அந்தக் கோப்பை வருவதற்குள்ளேயே விதி போய்விட்டது. மற்ற கிளப்கள் பயந்துபோய் வந்த வேகத்தில் அதை நீக்கிவிட்டன. ஏழை அணியை எழுப்பிவிட்ட விதியைச் சமநிலையின் பெயரால் கொன்றார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

அடுத்த திருப்பம் நீதிமன்றத்தில் வந்தது. 1982-ல் தெற்கு மெல்போர்ன் கிளப் சிட்னிக்கு மாற்றப்பட்டது. சில்வியோ ஃபொஸ்கினி என்ற இளம் வீரருக்கு மெல்போர்னை விட்டுப் போக மனமில்லை, செயின்ட் கில்டாவில் ஆட விரும்பினார். அனுமதி மறுக்கப்பட்டது. விக்டோரியா உச்ச நீதிமன்றம் 1983-ல், லீகின் அனுமதி விதிகள் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தது. டிராஃப்ட்டும் சம்பள வரம்பும் பிறந்தது அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில்தான். 1991-ல் ரக்பி லீகின் டிராஃப்ட்டை ஃபெடரல் நீதிமன்றம் இதே காரணத்துக்காகச் செல்லாது என்றது. ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் டிராஃப்ட் இன்றும் நிற்கிறதென்றால், வீரர் சங்கத்தோடு பேசிப் போட்ட உடன்பாட்டின் பலத்தில் நிற்கிறது. அந்த உடன்பாட்டில் சம்மதம் என்ற தூணை உருவினால் மிச்சம் எத்தனை நாள் நிற்கும்?

கிளப்கள் கேட்கும் அதிகாரம் நடைமுறையில் ஏற்கெனவே அவர்கள் கையில் பாதி இருக்கிறது. 2020-ல் காலிங்வுட்டுக்குச் சம்பள வரம்பு நெருக்கடி. ஆடம் டிரெலோருக்கு 2025 வரை ஒப்பந்தம் இருந்தது, போக அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் கிளப்பின் திட்டத்தில் அவருக்கு இடமில்லை என்பது ஊருக்கே தெரிந்த செய்தியானது. கெடு முடியும் தறுவாயில் வெஸ்டர்ன் புல்டாக்ஸுடன் டிரேட் பதிவானது. தாளின்படி அவர் சம்மதித்தார். நாளைக் காலை பயிற்சிக்குப் போனால் யார் முகத்தில் விழிப்பது என்று தெரியாத ஒருவர் தரும் சம்மதம் அது. அடுத்த ஆண்டே புல்டாக்ஸுக்காக இறுதிப் போட்டியில் ஆடினார், 2024-ல் ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பிடித்தார். பிராடி கிரண்டியின் கதையும் காலிங்வுட்டில்தான் தொடங்கியது. 2020-ல் ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்ட அவர், 2022 முடிவில் மெல்போர்ன், 2023 முடிவில் சிட்னி என்று இரண்டு முறை மூட்டை கட்டினார்.

கிளப்களின் குறையிலும் நியாயம் உண்டு. அவர்களுக்கு வலிப்பது வீரர் போவதல்ல, ஒரே ஒரு கிளப்பின் பெயரைச் சொல்லி அங்கே மட்டும்தான் போவேன் என்பது. வாங்குபவர் ஒருவர்தான் என்று தெரிந்துவிட்டால் விலை எப்படி ஏறும்? 2009-ல் செயின்ட் கில்டாவின் லூக் பால் காலிங்வுட்டுக்குப் போக விரும்பினார். டிரேட் படியவில்லை. ஒப்பந்தம் முடிந்திருந்ததால் அவர் டிராஃப்ட்டில் பெயர் கொடுத்தார். காலிங்வுட் 30-ஆம் எண்ணில் அவரை எடுத்துக்கொண்டது. செயின்ட் கில்டாவுக்குக் கைக்கு எதுவும் வரவில்லை. மறு ஆண்டு இறுதிப் போட்டி சமனில் முடிந்து, திரும்ப ஆடப்பட்டபோது காலிங்வுட் தோற்கடித்தது அதே செயின்ட் கில்டாவை.

இதற்கு நேர் எதிரான கதை டிம் கெல்லியுடையது. பெர்த்காரர். இருபத்து மூன்று வயதில், கைக்குழந்தைகளோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஜீலாங்குக்கு வந்தவர். ஒரே சீசனில் குடும்பத்துக்காக ஊர் திரும்ப வேண்டும் என்று கேட்டார். வெஸ்ட் கோஸ்ட் தருவது போதாது என்று ஜீலாங் மறுத்துவிட்டது. அவர் முகம் சுளிக்காமல் இன்னொரு சீசன் ஆடி ஆல்-ஆஸ்திரேலியன் ஆனார். 2019 முடிவில் முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டு உட்பட பெரிய விலையை வாங்கிக்கொண்டுதான் ஜீலாங் அவரை அனுப்பியது. ஒப்பந்தத்தின் கண்ணியத்தைக் கெல்லி காத்தார். அந்த ஓராண்டு அவர் வீட்டில் என்னவாக இருந்திருக்கும் என்பதற்கு எந்தத் தேர்வு எண்ணும் ஈடாகாது.

இந்த இரண்டு குறையையும் ஒரே மாற்றம் பெருமளவு தீர்க்கும் என்று நம்புகிறேன். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வீரர் மாநிலத்தின் பெயரைச் சொல்லலாம், கிளப்பின் பெயரைச் சொல்லக் கூடாது. பெர்த்தில் இரண்டு கிளப்கள் உண்டு, அடிலெய்டில் இரண்டு, விக்டோரியாவில் பத்து. ஊர் திரும்ப வேண்டும் என்பது உண்மையான காரணமானால் அந்த ஊரின் எந்தக் கிளப்பும் அதைத் தீர்த்துவைக்கும். விற்கும் கிளப்புக்கும் கேட்பவர் இருவராவது இருப்பார்கள். மெரட் விஷயத்தில் இது நேரடியாக உதவியிருக்காது. அவர் கேட்டது இன்னொரு மெல்போர்ன் கிளப்பை. அப்படிப்பட்ட இடத்தில் எஸ்ஸென்டன் ‘முடியாது’ என்று சொன்னதில் தவறே இல்லை. சீசனின் இறுதிச் சுற்றுகளான ஃபைனல்ஸில் கடைசியாக 2004-ல் ஒரு வெற்றி பெற்ற கிளப் அது, கையெழுத்திட்ட தலைவனை விட்டுக்கொடுக்க அதற்குக் கடமையில்லை.

பதிலுக்குக் கிளப்களும் ஒன்றைத் தர வேண்டும். ஃப்ரீ ஏஜென்ட் உரிமை 2012-ல் வந்தது. எட்டு ஆண்டு ஒரே கிளப்பில் ஆடி, ஒப்பந்தமும் முடிந்தால்தான் அது கிடைக்கும். அப்போதும் அதிகச் சம்பளக்காரராக இருந்தால் பழைய கிளப் அதே தொகையைத் தந்து தடுக்கலாம். பதினெட்டு வயதில் எடுக்கப்பட்டவருக்கு அப்போது இருபத்தாறு. பலரின் ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்தே போகிறது. இதை ஆறு ஆண்டாகக் குறைத்தால், ஒப்பந்தத்தை மீறிப் போக வேண்டிய தேவையே பலருக்கு இருக்காது. ஜோ டேனிஹரை 2019-ல் சிட்னிக்கு விட எஸ்ஸென்டன் மறுத்தது. ஒரு வருடம் கழித்து ஃப்ரீ ஏஜென்டாக பிரிஸ்பேன் போனார், 2024-ல் கோப்பையோடு ஓய்வு பெற்றார். அந்தப் போக்கில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஃப்ரீ ஏஜென்டை இழந்த கிளப்புக்கு லீகே ஒரு தேர்வு எண்ணை நஷ்ட ஈடாகத் தருகிறதே, அது தொலைய வேண்டும். லான்ஸ் ஃபிராங்க்ளின் 2013-ல் ஒன்பது ஆண்டு, ஒரு கோடி டாலர் ஒப்பந்தத்தில் சிட்னிக்குப் போனபோது ஹாதார்னுக்குக் கிடைத்தது 19-ஆம் எண். மறு ஆண்டு ஜேம்ஸ் ஃபிராலி மெல்போர்னிலிருந்து ஹாதார்னுக்குப் போனபோது மெல்போர்னுக்குக் கிடைத்தது 3-ஆம் எண். ஃபிராங்க்ளின் அந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த முன்கள வீரர். ஃபிராலி நல்ல தடுப்பாட்டக்காரர், அவ்வளவுதான். கிளப் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தது என்பதை வைத்து எண் அமைந்ததால் வந்த கோணல் இது. இடையில் செருகும் ஒவ்வோர் எண்ணும் பின்னால் நிற்கும் எல்லா அணிகளையும் ஒரு படி கீழே தள்ளுகிறது.

சீசன் நடுவில் டிரேட் வேண்டும் என்ற குரலுக்கு மட்டும் நான் காது கொடுக்க மாட்டேன். நடு சீசனில் ஒரு டிராஃப்ட் 2019 முதல் இருக்கிறது. அதில் வந்தவர்தான் ரிச்மண்டின் மார்லியன் பிக்கெட். சிறைவாசம் கண்டு, மேற்கு ஆஸ்திரேலிய லீகில் ஆடி, இருபத்தேழு வயதில் எடுக்கப்பட்டவர். அவருடைய முதல் ஆட்டமே அந்த ஆண்டின் இறுதிப் போட்டி. அன்று ஒரு கோலும் அடித்தார். அவரைக் கொண்டுவர லீகின் எந்த அணியும் தன் வீரரை இழக்கவில்லை. டிரேட் அப்படியல்ல. வெஸ்ட் கோஸ்ட் 2025-ல் ஒரே ஒரு ஆட்டம்தான் வென்றது. அப்படிப்பட்ட கிளப் ஜூன் மாதத்தில் தன் நல்ல வீரர்களைத் தேர்வு எண்ணுக்கு விற்றுவிட்டால், சீசன் டிக்கெட் வாங்கிய குடும்பம் மீதி ஆட்டங்களில் யாரைப் பார்க்கும்? பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாலாயிரம் கிலோமீட்டர் போகும் வீரரின் பாட்டையும் நினைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஆற அமரப் பேச அவகாசமில்லை. வீரர் சங்கத்துக்கும் லீகுக்கும் இடையே இப்போதுள்ள உடன்பாடு 2027-ல் முடிகிறது. 2028-ல் டாஸ்மேனியா டெவில்ஸ் பத்தொன்பதாவது அணியாக வர இருக்கிறது. புது அணிக்கு என்ன நேரும் என்பதற்கு கோல்டு கோஸ்ட் சாட்சி. 2011-ல் வந்த அணி 2024 முடியும்வரை ஒரு ஃபைனல்ஸ் ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. 2018 முடிவில் அதன் இணை கேப்டன்கள் டாம் லிஞ்ச், ஸ்டீவன் மே இருவருமே ஒரே நேரத்தில் விக்டோரியாவுக்குப் போய், பிறகு அங்கே கோப்பையும் வென்றார்கள். டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டுக்கு வரப்போகும் பதினெட்டு வயதுப் பையன் எத்தனை ஆண்டு கட்டுப்பட்டவன், எப்போது விடுதலை, அவனை இழந்தால் டெவில்ஸுக்கு என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அவனுடைய பெயர் டிராஃப்ட்டில் வாசிக்கப்படுவதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.