அண்ணமும் வல்லினமும்

எழுத்துப் பிறப்பைக் கற்பிக்கும் ஆசிரியனுக்குக் கரும்பலகையினும் தன் வாயே சிறந்த கருவி. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புக்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் எண்ணினார். உந்தியிலிருந்தெழும் காற்று இவற்றிற் பொருந்தி வெவ்வேறெழுத்தாகும் என்பது அவர் துணிபு. இவ்வெட்டனுள் இதழேனும் அண்ணமேனும் இரண்டுமேனும் பிளவுபட்டுப் பிறக்கும் குழந்தைகள் உளர். உலகிலே ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்று இவ்வாறு அமைகின்றது என்பர். எங்கள் கரவெட்டியும் அக்கணக்குக்குப் புறம்பானதன்று.

கிரகண வேளையிலே கர்ப்பிணி காய் நறுக்கினாள், அதனால் வந்த வினை இது என்று பேசுவார் இன்றும் இருக்கின்றனர். கிரகணம் ஆண்டுக்குச் சில முறையே வரும். இக்குழந்தைகளோ எல்லா மாதங்களிலும் பிறக்கின்றனர். கருவின் முகம் இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்து நடுவே கூடுவது. மேலுதடு ஆறாம், ஏழாம் வாரங்களிலே கூடும். அண்ணம் பன்னிரண்டாம் வாரத்துக்குள் மூடும். அக்கூட்டம் நிகழாதபோது பிளவு எஞ்சுகின்றது. பரம்பரை, புகைப்பழக்கம், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவற்றுக்கு இதிற் பங்குண்டு. பெரும்பாலும் இன்னதுதான் காரணமென்று ஒன்றைச் சுட்ட இயலாது. தாயைச் சுட்டுவது மட்டும் எளிதாயிருக்கின்றது. அதனையே ஊர் செய்கின்றது.

உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரிவது. ஆதலின் அதற்கு வைத்தியம் தேட எவரும் பின்னிற்பதில்லை. பத்து வாரம் கழிந்து, பத்து இறாத்தல் நிறையும் ஏறி, குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் பத்துக் கிராமும் இருந்தால் உதட்டைத் தைக்கலாம் என்பது சத்திரவைத்தியர் நெடுங்காலம் கைக்கொண்ட வாய்பாடு. 1955இல் மில்லாட் என்னும் அமெரிக்கர், உதட்டின் ஒரு பக்கத்தைச் சுழற்றி இறக்கி மறுபக்கத்தை முன்தள்ளிப் பொருத்தும் முறையை வெளியிட்டபின், தழும்பும் இயற்கைக் கோட்டோடு ஒன்றிப்போகின்றது. பிள்ளை அழகாகிவிடுகின்றது. இடர்ப்பாடு தொடங்குவதும் அங்கேதான்.

அயலிலுள்ள மூதாட்டி ஒருவர், மகன் வழிப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “வாத்தியார், உதடு பொருந்தியிட்டுது. முகமும் வடிவாய் வந்திட்டுது. இனி என்னத்துக்குப் பச்சைப் பிள்ளையைத் திரும்பவும் கத்திக்குக் குடுக்கிறது?”

பிள்ளையின் அண்ணம் திறந்தே இருந்தது. வாயை மூடினால் அது யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்து பேசும்போதன்றோ தெரியும்!

வல்லெழுத்து ஆறும் காற்றை வாயினுள் ஒரு கணம் சிறைப்படுத்தி விடுவிப்பதனாற் பிறப்பன. அக்கணத்தில் உண்ணாக்குத் தொங்கும் மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்கும். மெல்லெழுத்துக்கு அது தாழ்ந்து வழிவிடும். மெல்லினத்துக்கு மூக்கை இடமாக நன்னூலார் வைத்ததும் இது கருதியே. அண்ணம் பிளந்திருப்பின் அடைப்பதற்குக் கதவில்லை. பகரத்துக்கு இதழிரண்டும் பொருந்தினாலும் காற்று மூக்காற் கழிந்து மகரமாகிவிடும். டகரம் ணகரமாகும்; தகரம் நகரமாகும். ‘பாட்டு’ என்பது ‘மாண்ணு’ என வரும். இனவெழுத்து இன்னதென்பதை இதனினும் துயரமாக விளக்கும் உதாரணத்தை நான் அறியேன். சில பிள்ளைகள் வாயிற் கைகூடாத வல்லெழுத்தை மிடற்றிலே அடைத்து ஒலிக்கப் பழகிக்கொள்வர். அப்பழக்கம் வேரூன்றினால், பின்னர் அண்ணத்தை மூடினாலும் எளிதிற் போகாது.

என் வகுப்பில் முன்னர் ஒரு மாணாக்கன் இருந்தான். குழவிப் பருவத்திலே உதடு தைக்கப்பட்டது, அண்ணம் தைக்கப்படவில்லை. செய்யுளைப் பாடம் பண்ணியிருப்பான். ஒப்புவிக்க எழுப்பினால் நிலத்தைப் பார்த்து நிற்பான். எழுதச் சொன்னால் ஒரு புள்ளியும் பிழையாது. பட்டிமன்றத்துக்கு மற்றவர்க்கு வாதம் எழுதிக் கொடுத்தவன் அவனே. மேடையேறியவர் வேறொருவர்.

காலந் தாழ்த்தலின் பயனை நமது நாடே உலகுக்குக் காட்டியிருக்கின்றது. 1984இல் தொடங்கி, மைக்கேல் மார்ஸ் என்னும் பல் வைத்தியரோடு இலண்டனிலிருந்து வந்த குழுவினர் காலியிலே, சத்திரசிகிச்சை பெறாமலே வளர்ந்த பலரைக் கண்டனர். அவர்களின் மேற்றாடை குறைவின்றி வளர்ந்திருந்தது. எனவே தாடை வளர்ச்சி குன்றுதற்குப் பிளவன்று, இளமையில் அண்ணத்தைத் தைத்த தழும்பே பெருங்காரணம் என உணர்ந்தனர். ஆயின் பொறுத்திருத்தலே நன்றெனக் கொள்ளற்க. வளர்ந்தபின் அண்ணம் தைக்கப்பெற்ற இளைஞர் பெரும்பாலோரின் பேச்சு அதிகம் திருந்தவில்லை. தாடையைப் பின்னர்ச் சீர்செய்ய வழியுண்டு. பேச்சுக்குரிய பருவம் போனால் மீட்பது அரிது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், அண்ணம் மட்டும் பிளந்த 558 குழந்தைகளைப் பகுத்துச் சிலருக்கு ஆறாம் மாதத்திலும் சிலருக்குப் பன்னிரண்டாம் மாதத்திலும் தைத்தனர். ஐந்து வயதில், மூக்கு வழி சரிவர அடைபடாதோர் முற்பட்டவருள் நூற்றுக்கு 9 பேர். பிற்பட்டவருள் 15 பேர். எந்த மாதம் தக்கதென்பதைப் பிள்ளையின் நிறையும் நலமும் பார்த்து வைத்தியரே துணிவார். பேச்சு முற்றுமுன் என்பதில் ஐயமில்லை. வெறுந் துளையை மூடுவது மட்டும் போதாது. விலகிய தசைகளையும் குறுக்கே இழுத்துப் பொருத்தினாலே மெல்லண்ணம் எழும்பும்.

மூதாட்டியிடம் நான் நன்னூல் பேசவில்லை. “அண்ணம் மூடாவிட்டால் இவன் வாயிலை அம்மா வரும், அம்மம்மா வரும். அப்பா வராது, அப்பாச்சி வராது” என்றேன். அவர் சிறிது நேரம் பேரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “எப்ப கூட்டிக்கொண்டு போகவேணும்?” என்றார்.

முதலிற் குடும்பநல மாதுவிடம் சொல்லி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் காட்டுமாறு கூறினேன். அதுவரையில் பிள்ளையை நிமிர்த்தி வைத்துக் கரண்டியாற் சிறுகச் சிறுகப் பாலூட்ட வேண்டும். அண்ணம் திறந்த வாய்க்கு உறிஞ்சும் வலியில்லை. செவியையும் சோதிப்பித்தல் வேண்டும். இத்தகைய பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தங்கிக் கேள்வி மந்தப்படுதல் மிகுதி. கேளாத எழுத்தை நா எங்ஙனம் கற்கும்? தைத்தபின் பேச்சுப் பயிற்சி தொடங்கும். அதற்குரிய சோதனை ஒன்று வீட்டிலும் செய்யத்தக்கது. பிள்ளையின் மூக்கின்கீழ் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ‘பாப்பா’ என்று சொல்லச் செய்க. கண்ணாடியிற் புகைபடிந்தால் காற்று இன்னும் மூக்கால் ஒழுகுகின்றது. தெளிந்திருந்தால் அது வாய்வழியே பகரமாகின்றது.