எஞ்சினுக்குள் சிரிப்பூட்டும் வாயு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி எனச் சென்னையின் மேற்கே விரிந்து கிடக்கும் ஊர்களுக்கு எஞ்சின் புதிய பொருளன்று. பாடியில் பிரேக்கும் சக்கரமும் மின்கருவியும் செய்யும் ஆலைகள் 1960களிலேயே எழுந்தன. ஆவடியில் டாங்கிகளுக்கென்றே ஓர் எஞ்சின் ஆலை இயங்குகிறது. இவ்வூர்களிலிருந்து நம் வகுப்பறைக்கு வரும் மாணவர் பலர், லேத்துப் பட்டறையும் மெக்கானிக் ஷெட்டும் வைத்திருப்போரின் மக்கள். ஆதலின் வண்டியின் விரைவைப் பற்றிய வினாக்கள் தமிழ்த்துறையின் வாசலையும் எட்டிவிடுகின்றன. நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் சாலையில் ஓடும் வண்டியின் எஞ்சினில் இடரின்றிச் சேர்க்க இயலுமா என்பது அவற்றுள் ஒன்று. மாணவர் இதனை ‘நாஸ்’ என்பர். அஃது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர். 2001இல் வெளிவந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ என்னும் படத்தால் உலகெங்கும் பரவியது. வினாவைக் கடிந்து தள்ளுவதினும் விளக்கிச் சொல்வதே ஆசிரியர் கடன் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்த இவ்வாயுவை, 1799இல் ஹம்ப்ரி டேவி தாமே உள்ளிழுத்துச் சோதித்தார். சிரிப்பூட்டும் வாயு என்னும் பெயர் அதன்பின் வந்தது. 1844இல் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் இதனை வலிநீக்கியாக்கினார். எஞ்சினுக்குள் இது புகுந்தது இரண்டாம் உலகப் போரில். காற்று மெலிந்த உயரத்தில் பறந்த ஜெர்மானியப் போர் விமானங்களின் எஞ்சினில் இதனைச் செலுத்தினர்.

அங்ஙனம் செலுத்தியதன் காரணத்தை ஆவடியைக் கொண்டே விளக்கலாம். டி-72 டாங்கியின் எஞ்சின் 780 குதிரைத்திறன் தருவது. டி-90 டாங்கியின் எஞ்சின் 1000 தருவது. இரண்டும் பன்னிரண்டு உருளைகள் கொண்டவை. வயிற்றின் கொள்ளளவும் இரண்டுக்கும் ஏறத்தாழ 39 லிட்டரே. பின்னதில் டர்போ என்னும் சுழலி மிகுதியான காற்றை உள்ளே திணிக்கிறது. காற்று மிகுந்தால் எரிபொருளை மிகுதியாக எரிக்கலாம். எரிப்பு மிகுந்தால் ஆற்றல் மிகும். நைட்ரஸ் ஆக்ஸைடு இதே வேலையைச் சுழலியின்றிச் செய்கிறது. காற்றின் எடையில் ஆக்ஸிஜன் 23 விழுக்காடு. இவ்வாயுவில் 36 விழுக்காடு. எஞ்சினின் வெம்மையில் இது நைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது. அன்றியும் திரவம் ஆவியாகும்போது உள்ளே செல்லும் காற்றைக் குளிரவைப்பதால் அக்காற்றும் அடர்த்தி பெறுகிறது.

இவ்வாயு எரிபொருள் என்று நம் இளைஞர் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது பிழை. இது தானே எரிவதில்லை. பிறவற்றை எரிய வைப்பது. ஒரு கிலோ பெட்ரோல் சரிவர எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரஸ் ஆக்ஸைடாயின் ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ போதும். ஆகவே வாயுவைச் சேர்த்தால் அதற்கேற்ற பெட்ரோலையும் உடன் சேர்த்தே ஆகவேண்டும். பெட்ரோல் குறைந்து வாயு மிகுந்தால் எரிப்பின் வெம்மை எல்லை மீறும். கலவை உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். பட்டறையில் ‘நாக்கிங்’ என்று சொல்லும் அத்தட்டல், வார்ப்பு பிஸ்டனின் தலையைச் சில நொடிகளில் துளைத்துவிட வல்லது. அறிந்தோர் கைக்கொள்ளும் காப்புகள் எல்லாம் இந்த ஓர் இடரைச் சுற்றியே அமைந்தவை.

அக்காப்புகளைச் சொல்லுமுன் ஒரு சொற்குறிப்பு. வாயு அடைத்த குப்பியையும் சிலிண்டர் என்கிறோம். பிஸ்டன் ஓடும் குழியையும் சிலிண்டர் என்கிறோம். இங்கு முன்னதைக் கலன் என்றும் பின்னதை உருளை என்றும் வழங்குகிறோம்.

கலனிலிருந்து வரும் வாயுவுக்கு ஒன்றும், கூடுதல் பெட்ரோலுக்கு ஒன்றுமாக இரண்டு மின்காந்த வால்வுகள் உண்டு. ஒவ்வொன்றையும் அடுத்து, நுண்துளை கொண்ட ஜெட் அளவறிந்து விடும். ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தாலன்றி வால்வுகள் திறவாதபடி ஒரு சுவிட்ச் வைப்பர். எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 சுழற்சியை எட்டும் முன்னும் அவை திறத்தல் கூடாது. மெல்லச் சுழலும் எஞ்சினில் வாயு தேங்கி, உள்குழாயே வெடிக்கும். உச்சச் சுழற்சிக்குச் சற்று முன்னரே மூடிவிடவும் வேண்டும். ஏனெனில் உச்சத்தில் எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கருவி பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போதும் வாயு பாய்ந்தால் மேற்சொன்ன கேடே நேரும். பெட்ரோல் அழுத்தம் தாழ்ந்தால் வாயுவைத் தானே அடைக்கும் சுவிட்சைச் சிலர் செலவு கருதி விட்டுவிடுகின்றனர். நம் கருத்தில் விடக்கூடாத முதற்பொருள் அதுவே.

தீப்பொறியின் நேரத்தையும் பின்தள்ள வேண்டும். ஒவ்வோர் 50 குதிரைத்திறன் கூடுதலுக்கும் ஏறத்தாழ 2 பாகை என்பது பெரிய எஞ்சின்களில் பழகிய அமெரிக்கர் கணக்கு. வெம்மையை விரைந்து கடத்தும் குளிர்வகைப் பிளக்கும், ஆக்டேன் மிகுந்த பெட்ரோலும் தேவை. நம் நாட்டில் முன்பு வழக்கமாகக் கிடைத்தது 91 ஆக்டேன். 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020இல் அறிமுகப்படுத்தியது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 50 குதிரைத்திறன் கூட்டும் தொகுப்பு, எட்டு உருளை கொண்ட அமெரிக்க வண்டிக்குச் சிற்றுண்டி போன்றது. 796 சி.சி. கொண்ட மாருதி 800 வண்டியின் பெரும்பாலான வகைகளில் முழு ஆற்றலே 40 குதிரைத்திறனுக்குள் அடங்கியது. அதன் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கிளட்சும் அவ்வளவுக்கே வார்த்தவை. அத்தொகுப்பை அதில் பொருத்துவோனுக்கு எஞ்சின் அன்றே விடை கொடுத்துவிடும்.

இனி, அயல்நாட்டு நூல்கள் பெரிதும் பேசாததும் சென்னைக்கே உரியதுமான ஓர் இடர் உண்டு. நைட்ரஸ் ஆக்ஸைடு கலனில் திரவமாக இருப்பது அழுத்தத்தால். 20 பாகை செல்சியஸில் அவ்வழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு. 36.4 பாகையில் அது 72 மடங்காகிறது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினும் திரவம் திரவமாக நில்லாது. 36.4 பாகை என்பது நமக்கு மே மாதத்துச் சாதாரணப் பகற்பொழுது! அம்பத்தூரில் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் வெப்பம் அதனினும் மிகக் கடுமையாயிருக்கும். கலனின் அழுத்தம் ஏறினால் அதே ஜெட்டின் வழியே வாயு மிகுதியாகப் பாயும். பெட்ரோலோ பழைய அளவிலேயே வரும். காலையில் சரிபார்த்த கலவை நண்பகலில் எஞ்சினைக் கொல்வது இப்படித்தான். குளிர்நாட்டார் கலனுக்குச் சூடேற்றும் உறை மாட்டுகின்றனர்; நாம் நிழலும் ஈரத்துணியும் தேட வேண்டியவர்கள். எங்கும் எப்போதும் தீச்சுடரால் கலனைச் சூடாக்குதல் உயிர்க்கேடு.

கலனை எடைபோட்டே நிரப்ப வேண்டும். குறித்த எடைக்கு மேல் ஒரு பிடியும் ஏற்றலாகாது. அழுத்தம் மீறினால் கிழிந்து காக்கும் தகடு கலனின் வாயில் உண்டு. அது கிழியும்போது வாயு வண்டிக்குள் நிரம்பாமல் வெளியேறக் குழாய் வைத்தல் இன்றியமையாதது. மூடிய வண்டிக்குள் நிரம்பினால் ஓட்டுநர் மூச்சுக் காற்றின்றி மயங்குவார். வால்விலும் இணைப்பிலும் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. மருத்துவமனைக்குரிய நீலக் கலன்களைக் கள்ளவழியில் பெறுவது குற்றம் மட்டுமன்று, நோயாளியின் பங்கைத் திருடுவதுமாகும். இதனை முகர்ந்து களிப்போர்க்கு உடலின் பி12 வைட்டமின் செயலிழந்து, நரம்பு தளர்ந்து, நடையே கெடுவதுண்டு.

இவ்வளவும் செய்தால் சாலையில் ஓட்டலாமா? இயலாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் தந்த அடிப்படைக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அவ்வாண்டின் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர்க்கு 5000 ரூபாய் தண்டமோ ஆறு திங்கள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. சாலைப் பந்தயத்திற்கு 189ஆம் பிரிவு தனியே இருக்கிறது. விபத்து நேரின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. அச்சுமையைத் தாங்குவது பெரும்பாலும் பட்டறையில் வியர்வை சிந்தும் தந்தையே. வெளிவட்டச் சாலையில் இரவில் விரைவோர் நினைக்க வேண்டியது, லாரி ஒன்று விளக்கின்றி ஓரத்தில் நிற்கக்கூடும் என்பதை. 50 குதிரைத்திறன் கூடிய வண்டியிலும் பிரேக் பழையதுதான்.

விரைவை நாடுவோர்க்கு நம் பகுதியிலேயே உரிய இடம் உண்டு. சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பல்லாண்டு நடந்த பந்தயங்களுக்குப்பின், பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர்ச் சாலையில் அமைந்த இருங்காட்டுக்கோட்டையில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1990இல் தனித் தடம் திறந்தது. நேர்கோட்டு விரைவுப் போட்டிகளும் அங்கு நடந்துள்ளன. எந்தப் பிரிவில் நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு இடமுண்டு என்பதை விதிநூலில் பார்த்து, ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டிய பின்னரே ஓட்ட வேண்டும். ஓட்டம் முடிந்ததும் கலனின் வாயை மூடி, குழாயில் எஞ்சியதைத் திறந்த வெளியில் வெளியேற்றி, கலனைக் கழற்றி நிழலில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வீடு திரும்ப அவ்வண்டியை ஓட்டுதல் ஆகாது. லாரியில் ஏற்றியே கொண்டுவர வேண்டும்.